காற்றில் கலகம் – 9: விலங்கு கழன்ற காலை

இதுவரை: 1973 அக்டோபர் 30, பிற்பகல் 2 மணி. நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. வானொலி, நகைச்சுவையாளர் ஜார்ஜ் கார்லினின் கெட்ட வார்த்தை உரையை அப்படியே ஒலிபரப்பியது. காரில் மகனோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் புகார் செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அரசு வென்றது. பிள்ளைகள் கேட்கக்கூடிய நேரத்தில் காற்றலையில் விரசம் கூடாது. பேசியே தீருவேன் என்பவர்கள் இரவு 10 மணிக்கு மேல், காலை 6 மணிக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று பின்னாளில் விதி நிலைபெற்றது.

அந்த விதியின் விளிம்பில் ஒரு காலை வைத்துக்கொண்டே பிழைத்தவர்கள்தான் 'ஷாக் ஜாக்' என்று பெயர் பெற்ற காலை நேரத் தொகுப்பாளர்கள். அவர்களில் முதன்மையானவரான ஹோவர்ட் ஸ்டெர்ன் 1985-ல் டபிள்யூ.என்.பி.சி.யிலிருந்து வெளியேற்றப்பட்டு, கே-ராக் நிலையத்தில் சேர்ந்து, நாடு முழுவதும் கேட்கப்படும் குரலானார். 1995-ல் அவருடைய நிறுவனமான இன்ஃபினிட்டி 17 லட்சம் டாலரைக் கருவூலத்தில் கட்டி, ஒலிபரப்பை மேற்பார்வையிடும் எஃப்.சி.சி. ஆணையத்தோடு இருந்த தகராறுகளைத் தீர்த்துக்கொண்டது. கல்லா நிரம்பிக்கொண்டிருந்த காலம். அபராதத்தையும் மின்கட்டணம்போல ஒரு செலவாக எழுதிவிட்டுப் போக முடிந்தது.

இனி...

* * *

ஒரு வினாடிகூட இல்லை

2004 பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதி ஆட்டம். இடைவேளையில் பாட்டும் நடனமும். பாடல் முடியும் நொடியில் ஜஸ்டின் டிம்பர்லேக் கையை நீட்டி, ஜேனட் ஜாக்சனின் மேலாடையில் ஒரு பகுதியைப் பிய்த்தார். மார்பு தெரிந்தது. கேமரா சட்டென்று விலகிவிட்டது. ஒரு வினாடிகூட ஆகியிருக்காது.

எஃப்.சி.சி.க்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று குடும்பமே கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஆட்டம் அது. போதாக்குறைக்கு அது அதிபர் தேர்தல் ஆண்டு. இரு கட்சி உறுப்பினர்களுக்கும் மேடையில் முழங்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

தொலைக்காட்சியில் நடந்ததற்கு வானொலி ஏன் நடுங்க வேண்டும்? உரிமையாளர் யார் என்று பார்த்தால் விளங்கும். ஆட்டத்தை ஒளிபரப்பிய சி.பி.எஸ்., இடைவேளை நிகழ்ச்சியைத் தயாரித்த எம்.டி.வி., ஸ்டெர்னுக்குச் சம்பளம் கொடுத்த இன்ஃபினிட்டி வானொலி ஆகிய மூன்றுக்கும் மேலே இருந்தது ஒரே முதலாளி: வயாகாம். அந்தத் திங்கட்கிழமை முதல் வயாகாமின் வழக்கறிஞர்கள் தங்கள் வீட்டில் வேறு என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள். வானொலிப் பக்கம் திரும்பினால் தேடவே வேண்டியதில்லை. தினமும் காலை 6 மணிக்கு அது தானாகவே பேச ஆரம்பித்துவிடும்.

உண்மையில் வானொலி மீதான நெருக்கடி சூப்பர் பவுலுக்கு ஐந்து நாள் முன்பே தொடங்கியிருந்தது. ஃபுளோரிடாவில் 'பப்பா தி லவ் ஸ்பாஞ்ச்' என்றொரு தொகுப்பாளர். மேடைப் பெயரையே சட்டப்படி சொந்தப் பெயராக மாற்றிக்கொண்ட மனிதர். குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் பாத்திரங்கள் போதைப்பொருளைப் பற்றியும் கலவியைப் பற்றியும் பேசிக்கொள்வதுபோல் அவர் நிகழ்ச்சியில் குட்டி நாடகங்கள் வந்தன. ஜனவரி 27 அன்று எஃப்.சி.சி. அதற்கு 7 லட்சத்து 55 ஆயிரம் டாலர் அபராதம் விதிக்கப்போவதாக அறிவித்தது. நிலையங்களின் உரிமையாளரான கிளியர் சேனல் ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை. பிப்ரவரி முடிவதற்குள் பப்பா வேலையில் இல்லை.

* * *

ஆறு பெருக்கல் மூன்று

பிப்ரவரி 25. கிளியர் சேனல் அடுத்த அடியை எடுத்து வைத்தது. தன் ஆறு நிலையங்களில் ஸ்டெர்னின் நிகழ்ச்சியை நிறுத்திவைத்தது. மறுநாளே அந்நிறுவனத்தின் வானொலிப் பிரிவுத் தலைவர் ஜான் ஹோகன் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, தங்கள் அலைவரிசைகளில் வந்தவற்றுக்காக மன்னிப்புக் கேட்டார். இரண்டு நாள்களுக்கு இடையே இருந்த பொருத்தம் யாருக்கும் தப்பவில்லை.

ஸ்டெர்ன் வேறு காரணம் சொன்னார். அதிபர் புஷ்ஷுக்கு எதிராகத் தான் பேச ஆரம்பித்ததால்தான் டெக்சாஸ்காரர்களான கிளியர் சேனல் முதலாளிகள் தன்னைப் பழிவாங்கினார்கள் என்றார். நிறுவனம் அதை மறுத்தது. அந்தச் சண்டை எப்படியோ போகட்டும். நிறுவனத்தின் பயத்துக்கு அரசியல் தேவையில்லாத ஒரு காரணமும் இருந்தது.

1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை வானொலி நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. அதற்கு முன் 40 நிலையங்களைத் தாண்ட முடியாது. சட்டம் வந்த சில ஆண்டுகளில் கிளியர் சேனல் ஏறத்தாழ 1,200 நிலையங்களை வாங்கிக் குவித்தது. ஒவ்வொன்றுக்கும் அரசு கொடுத்த உரிமம் ஒன்று. அந்த உரிமத்தைப் புதுப்பிக்கும் அதிகாரம் எஃப்.சி.சி.யின் கையில். கடன் வாங்கிக் கட்டிய சாம்ராஜ்யத்தில் ஒரு தொகுப்பாளரின் வாய் 1,200 உரிமங்களுக்கு உலை வைக்குமென்றால் எந்தக் கணக்காளர் சம்மதிப்பார்?

ஏப்ரல் 8 அன்று அந்தப் பயம் எண்ணாக வந்து நின்றது. ஓராண்டுக்கு முன் ஒலிபரப்பான ஸ்டெர்னின் ஒரே ஒரு காலை நிகழ்ச்சிக்காக 4 லட்சத்து 95 ஆயிரம் டாலர் அபராதம்.

அந்தத் தொகை எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதுவரை ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஒரே குற்றமாகக் கருதுவது வழக்கம். உச்ச அபராதம் 27,500 டாலர். எத்தனை தடவை எல்லை மீறினாலும் தொகை ஏறாது. இந்த முறை ஆணையம் நிகழ்ச்சியைத் துண்டு துண்டாகக் கேட்டது. எல்லை மீறிய பகுதிகள் மூன்று. ஒலிபரப்பிய கிளியர் சேனல் நிலையங்கள் ஆறு. மூன்றை ஆறால் பெருக்கு. வருவதை 27,500-ஆல் பெருக்கு.

சராசரி காலை நிகழ்ச்சி நான்கு மணி நேரம் ஓடும். வாரத்துக்கு ஐந்து நாள். நாடு முழுக்கப் பல பத்து ஊர்கள். இந்தப் பெருக்கல் வாய்பாட்டை முழுதாகப் போட்டுப் பார்த்தால் எந்த நிறுவனத்துக்கும் தலை சுற்றும். கிளியர் சேனல் அன்றே ஸ்டெர்னை நிரந்தரமாக நீக்கியது. ஜூன் மாதம் 17.5 லட்சம் டாலர் கட்டி நிலுவைப் புகார்களையெல்லாம் தீர்த்துக்கொண்டது. நவம்பரில் வயாகாமும் 35 லட்சம் டாலர் கட்டி அதே வழியில் போனது.

இதற்கிடையே ஜூன் கடைசியில் இன்ஃபினிட்டி ஒரு காரியம் செய்தது. ஸ்டெர்னைப் புதிதாக ஒன்பது ஊர்களில் சேர்த்தது. கிளியர் சேனல் கைவிட்ட ஊர்கள் சிலவும் அதில் அடக்கம். கேட்க ஆள் இருந்தது, விளம்பரம் கொடுக்கவும் ஆள் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2004-ன் நடுவில் நின்று பார்த்த யாரும், நேயர்களுக்கு இந்த வகைப் பேச்சு அலுத்துவிட்டது என்று சொல்லியிருக்க முடியாது.

* * *

அக்டோபர் 6

அன்று காலை ஸ்டெர்ன் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து ஓர் அறிவிப்புச் செய்தார். 2006 ஜனவரியிலிருந்து என் குரல் சாதாரண வானொலியில் வராது. சிரியஸ் செயற்கைக்கோள் வானொலிக்குப் போகிறேன். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். தயாரிப்புச் செலவெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 10 கோடி, மொத்தம் 50 கோடி டாலர்.

சிரியஸுக்கு அப்போது சந்தாதாரர்கள் சுமார் 6 லட்சம் பேர்தான். மாதம் 12 டாலர் 95 சென்ட் கட்டணம், அதுபோகத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். ஸ்டெர்னை இலவசமாகக் கேட்டவர்கள் ஒரு கோடியைத் தாண்டுவார்கள் என்று மதிப்பிடப்பட்டது. ஊர் நடுவில் இலவச மேடை போட்டு ஆடியவர், டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வா என்று கூப்பிட்ட கதை.

ஆனால் அந்தக் கொட்டகைக்குள் எஃப்.சி.சி. வர முடியாது. காற்றலை பொதுச் சொத்து, யார் வீட்டுப் பெட்டியிலும் தானாக வந்து விழுவது. அதனால்தான் அரசுக்கு அதில் கை வைக்க இடம். சந்தா கட்டிக் கேட்பவர் தெரிந்தே கேட்கிறார். கேபிள் தொலைக்காட்சியைப்போலவே செயற்கைக்கோள் வானொலியும் விரசத் தடைக்கு வெளியே நின்றது.

நவம்பரில் இன்னொரு திருப்பம். இன்ஃபினிட்டியில் ஸ்டெர்னை வளர்த்து, அபராதங்களுக்கு அசைந்து கொடுக்காமல் நின்ற பழைய முதலாளி மெல் கார்மசின், வயாகாமை விட்டு விலகி சிரியஸின் தலைமை நிர்வாகியாக வந்து சேர்ந்தார். அதே நாள் ஸ்டெர்ன் நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் நின்று சிரியஸ் பெட்டிகளை இலவசமாக வாரி வழங்கினார். ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள்.

அதற்கு முன், அக்டோபர் 26 அன்று, சான் பிரான்சிஸ்கோவின் கே.ஜி.ஓ. வானொலியில் ஒரு காட்சி அரங்கேறியது. ரான் ஓவன்ஸ் நடத்தும் உரையாடல் நிகழ்ச்சிக்கு எஃப்.சி.சி. தலைவர் மைக்கேல் பவெல் விருந்தினராக வந்திருந்தார். நேயர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்கலாம். ஒரு அழைப்பு நியூயார்க்கிலிருந்து வந்தது.

ஸ்டெர்ன்.

வழக்கமாக அவர்தான் மற்றவர்களின் தொலைபேசி அழைப்பை எடுப்பவர். அன்று ஒரு சாதாரண நேயரைப்போல இணைப்புப் பெற்று, வெளியுறவு அமைச்சரின் மகன் என்பதால்தானே உங்களுக்கு இந்தப் பதவி என்று நேருக்கு நேர் கேட்டார். பவெல் நிதானம் இழக்கவில்லை; தன் படிப்பையும் முந்தைய பணிகளையும் எடுத்துச் சொல்லித் தற்காத்துக்கொண்டார். தன்னை மட்டும் ஏன் குறிவைக்கிறீர்கள், மற்றவர்கள் பேசினால் ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று ஸ்டெர்ன் விடாமல் கேட்டார்.

வானொலி வரலாற்றில் அபூர்வமான சில நிமிடங்கள் அவை. தடை போட்டவரும் தடைக்கு ஆளானவரும் ஒரே அலைவரிசையில். பல ஆண்டுகளாக ஆணையமும் ஸ்டெர்னும் ஒருவரை வைத்து ஒருவர் வளர்ந்தவர்கள். ஆணையத்தின் ஒவ்வொரு கடிதமும் ஸ்டெர்னுக்கு ஒரு வாரத்துக்கான நிகழ்ச்சிச் சரக்கு. ஒவ்வொரு அபராதமும் அவருக்குக் காசு செலவில்லாத விளம்பரம். வில்லன் இல்லாத ஊரில் நாயகனுக்கு என்ன வேலை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

* * *

பொத்தான் இல்லாத அறை

2005 டிசம்பர் 16. நியூயார்க்கில் கே-ராக் கட்டடத்தின் வெளியே மேடை. தெரு அடைத்துக் கூட்டம். சாதாரண வானொலியில் ஸ்டெர்னின் கடைசிக் காலை அது. மூன்று வாரம் கழித்து, 2006 ஜனவரி 9 அன்று, அவர் சிரியஸில் பேசினார்.

இரண்டு அறைகளுக்கும் இருந்த வித்தியாசத்தை ஒரு பொத்தானை வைத்துச் சொல்லிவிடலாம்.

அமெரிக்க வானொலியில் நேரலை என்பது முழு நேரலை அல்ல. பேசியது சில நொடிகள் தாமதமாகவே காற்றில் ஏறும். அந்தச் சில நொடிக்குள் ஒருவர் 'டம்ப்' பொத்தானை அழுத்தினால் தகாத சொல் விழுந்த பகுதி காணாமல் போகும். கார்லின் வழக்குக்குப் பிறகு விரசப் பேச்சு நடக்கும் ஒவ்வொரு அறையிலும் அந்தப் பொத்தான்மேல் ஒரு விரல் தயாராக இருந்தது. ஸ்டெர்னின் கடைசி ஆண்டுகளில் நிர்வாகத் தரப்பும் தனியாகக் காது கொடுத்துக் கேட்டு வெட்டியது. நேயருக்குக் கேட்டது பாதி வாக்கியமும் ஒரு வெற்றிடமும். எங்கே வெட்டினார்கள், என்ன சொல்லியிருப்பார் என்று அலுவலகத்தில் காபி குடித்துக்கொண்டே ஊகிப்பதும் அந்த நிகழ்ச்சியின் சுவையில் ஒரு பங்கு.

சிரியஸில் அந்தப் பொத்தானுக்கு அவசியமே இல்லை. எந்தச் சொல்லையும் சொல்லலாம். 'ஸ்டார் டிரெக்' தொடரில் சுலுவாக நடித்த ஜார்ஜ் டக்கேயின் கனத்த, கண்ணியமான குரல் அறிவிப்பாளராக வந்து சேர்ந்தது. அத்தனை கண்ணியமான குரலில் அத்தனை கண்ணியக்குறைவான அறிவிப்புகள். ரசிகர்கள் சிரித்தார்கள்.

வியாபாரமும் ஓடியது. ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டபோது 6 லட்சமாக இருந்த சந்தா, 2005 முடிவில் 30 லட்சத்தைத் தாண்டியது. இலக்கைத் தாண்டியதற்காக ஸ்டெர்ன் தரப்புக்குச் சுமார் 22 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் ஜனவரியிலேயே கிடைத்தன. கொடுத்த 50 கோடி வீண் என்று கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. அவரை ரசித்தவர்களோடு, அவரைத் திட்டிக்கொண்டே கேட்டவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள். காரில் தற்செயலாக அலைவரிசையைத் திருகியபோது மாட்டிக்கொண்டு, சீ என்று சொல்லியும் மாற்றாமல் கேட்டவர்கள். அதிர்ச்சி அடைய அவர்கள் வேண்டும். மாதம் 12 டாலர் 95 சென்ட் கட்டி உள்ளே வந்த நேயர் எதற்கும் அதிர்ச்சி அடைய மாட்டார். அதற்காகத்தானே காசு கட்டியிருக்கிறார். புகார் எழுதுகிறவரும் இல்லை, அபராதம் போடுகிறவரும் இல்லை. தலைப்புச் செய்தியும் குறைந்தது. அதுவரை நாளேடுகளில் தினம் அடிபட்ட பெயர், சந்தா கட்டியவர்களின் வட்டத்துக்குள் போனது.

* * *

வெற்றிடத்தை நிரப்ப ஒரு பாடகர்

சாதாரண வானொலியின் பக்கம் பார்ப்போம். இன்ஃபினிட்டி விரைவில் 'சி.பி.எஸ். ரேடியோ' என்று பெயர் மாறவிருந்தது. ஸ்டெர்ன் போகும் காலையை நிரப்ப 2005 அக்டோபரில் அது ஒரு திட்டம் அறிவித்தது. பெயர் 'ஃப்ரீ எஃப்.எம்.' இலவசம் என்பதை அழுத்திச் சொல்லும் பெயர். காசு கட்டிக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு குத்தல்.

ஒருவர் இருந்த இடத்தில் பலரை உட்கார வைத்தார்கள். மேற்குக் கரைக்கு நகைச்சுவையாளர் ஆடம் கரோலா. நியூயார்க் உட்பட்ட கிழக்குக்கு, வான் ஹேலன் ராக் குழுவின் முன்னாள் பாடகர் டேவிட் லீ ராத். மேடையில் ஆயிரம் பேரைக் குதிக்க வைத்தவர். விடிகாலையில் ஒலிவாங்கியோடு தனியாக நான்கு மணி நேரம் பேசுவது வேறு தொழில் என்பது சில வாரங்களிலேயே தெரிந்துபோனது. நேயர் எண்ணிக்கை சறுக்கியது. ஜனவரியில் வந்தவர் ஏப்ரலில் போய்விட்டார்.

அந்த இடத்துக்கு யாரைக் கூப்பிட்டார்கள் என்பது வேடிக்கை. ஓப்பி, அந்தோணி. 2002 ஆகஸ்டில் நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்துக்குள் ஒரு ஜோடியை அனுப்பிக் கலவிப் போட்டி நடத்தி, அதை நேரலையில் வர்ணிக்க வைத்ததற்காக இதே முதலாளிகள் வேலையை விட்டுத் துரத்திய இரட்டையர். அந்த ஒரு விளையாட்டுக்கு எஃப்.சி.சி. போட்ட அபராதம் 3 லட்சத்து 57 ஆயிரத்து 500 டாலர். போட்டிக்குப் பின்னணியில் இருந்த பீர் நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அவர்களே நான்கு ஆண்டுக்குள் அதே வாசல் வழியாக வரவேற்கப்பட்டார்கள்.

அவ்வளவு தட்டுப்பாடு. இருபது ஆண்டுகளில் ஒரு ஸ்டெர்னை வைத்துக் கோடிகளைச் சம்பாதித்தவர்கள், இரண்டாவது ஒருவரை வளர்க்கவில்லை. நிலையங்களை மொத்தமாக வாங்கிய பின் செலவைக் குறைக்க ஊருக்கு ஊர் இருந்த காலை நிகழ்ச்சிகளை மூடி, ஒரே குரலை நாடு முழுக்கப் பாய்ச்சினார்கள். நள்ளிரவில் சின்ன ஊரில் கன்னாபின்னாவென்று பேசிப் பழகி, தவறு செய்து, தேறி மேலே வரும் இளைஞனுக்கு நாற்றங்காலே இல்லாமல் போனது.

அதற்குள் சட்டமும் இறுகியது. 2006 ஜூன் 15 அன்று புஷ் கையெழுத்திட்ட சட்டத்தால் இதற்கிடையே 32,500 டாலராகியிருந்த ஒரு மீறலுக்கான உச்ச அபராதம் 3 லட்சத்து 25 ஆயிரமாக உயர்ந்தது. பத்து மடங்கு. பழைய பெருக்கல் வாய்பாட்டை இந்த எண்ணோடு போட்டால் ஏப்ரல் 2004-ன் தொகை சில்லறையாகத் தெரியும்.

அதே ஆண்டில் வேறொரு கதவும் அகலத் திறந்தது. வீடுகளுக்கு அதிவேக இணையம் வந்துகொண்டிருந்தது. அக்டோபரில் கூகுள் 165 கோடி டாலருக்கு யூடியூபை வாங்குவதாக அறிவித்தது. 1986-ல் பதினைந்து வயதுப் பையனுக்குத் தகாததைக் கேட்கத் தலையணைக்கடியில் ஒரு டிரான்சிஸ்டர் தேவைப்பட்டது. 2006-ன் பதினைந்து வயதுப் பையனுக்கு அந்தத் தேவை இல்லை. காலைத் தொகுப்பாளர் ஒருவர் ஜாடைமாடையாக விவரிக்கும் காட்சியை அவன் கணினியில் நேராகவே பார்த்துவிடுவான்.

* * *

2007: ஆணையம் இல்லாத விசாரணை

ஜனவரி 12, சாக்ரமென்டோ நகரம். கே.டி.என்.டி. என்ற எஃப்.எம். நிலையத்தின் காலை நிகழ்ச்சியில் ஒரு போட்டி. சிறுநீர் கழிக்காமல் யார் அதிகத் தண்ணீர் குடிக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு நின்டெண்டோ வீ விளையாட்டுப் பெட்டி. குழந்தைகளுக்காக அந்தப் பெட்டியை வெல்ல வந்தவர்களில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர். நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே செவிலியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இப்படித் தண்ணீர் குடித்தால் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்தார். அரங்கில் அதைச் சிரிப்போடு கடந்து போனார்கள். அன்றே அந்தத் தாய் இறந்துபோனார். அளவுக்கு மீறிய தண்ணீரே நஞ்சாகியிருந்தது.

நிலையம் பத்துப் பேரை வேலையை விட்டு நீக்கியது. 2009-ல் ஜூரி, குடும்பத்துக்கு ஒரு கோடியே 65 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. அந்தப் போட்டியில் கெட்ட வார்த்தை பிரச்சினையே இல்லை. எஃப்.சி.சி.யின் விரச விதியில் எந்தப் பிரிவும் அதற்குப் பொருந்தாது.

மூன்று மாதம் கழித்து ஏப்ரல் 4. டான் ஐமஸ். 1971-லேயே நியூயார்க்கில் பேச ஆரம்பித்தவர். ஸ்டெர்னுக்கே மூத்தவர், எண்பதுகளில் இருவரும் ஒரே நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். செனட்டர்களும் எழுத்தாளர்களும் அவர் நிகழ்ச்சிக்கு வரிசையில் நிற்பார்கள். எம்.எஸ்.என்.பி.சி. தொலைக்காட்சியும் அதைக் கூடவே காட்டியது. அன்று காலை, முந்தைய இரவு இறுதிப் போட்டியில் தோற்ற ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி நிறவெறியும் பெண் வெறுப்பும் கலந்த ஒரு வசை அவர் வாயிலிருந்து விழுந்தது.

ஐமஸ் அதற்கு முன்பும் அப்படிப் பேசியிருக்கிறார். காற்றில் கரைந்துபோகும். இந்த முறை கரையவில்லை. ஊடகக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று அந்தத் துண்டை இணையத்தில் ஏற்றியது. நிகழ்ச்சியைக் கேட்கவே கேட்காதவர்கள் அதைப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

6-ம் தேதி ஐமஸ் மன்னிப்புக் கேட்டார். 9-ம் தேதி கறுப்பினத் தலைவர் ஆல் ஷார்ப்டனின் வானொலி நிகழ்ச்சிக்கே போய் உட்கார்ந்து விளக்கம் சொன்னார். இரண்டு வாரம் இடைநீக்கம் என்று நிர்வாகம் அறிவித்தது. 10-ம் தேதி பயிற்சியாளர் விவியன் ஸ்டிரிங்கரும் அணியின் மாணவிகளும் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். வசைக்கு முகம் வந்தது. கல்லூரியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பெண்கள் அதில் இருந்தார்கள். அவர்களுடைய நிதானத்துக்கு முன் அறுபது வயதைத் தாண்டிய ஐமஸின் 'சும்மா தமாஷுக்கு' என்ற சமாதானம் எடுபடவில்லை.

பிராக்டர் அண்ட் கேம்பிள் விலகியது. ஸ்டேப்பிள்ஸ் விலகியது. ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்று வரிசையாக விலகினார்கள். 11-ம் தேதி எம்.எஸ்.என்.பி.சி. கைவிட்டது. 12-ம் தேதி சி.பி.எஸ். தலைவர் லெஸ் மூன்வெஸ் ஐமஸை வேலையிலிருந்து நீக்கினார்.

எட்டு நாள். ஸ்டெர்னோடு எஃப்.சி.சி. பதினேழு ஆண்டு போராடியும் அவரை ஒலிவாங்கியிலிருந்து எழுப்ப முடியவில்லை. ஐமஸ் விஷயத்தில் ஆணையம் தலையிட வேண்டிய அவசியமே வரவில்லை. ஐமஸ் சொன்னது அநாகரிகம்தான். ஆனால் பாலுறுப்புகளையும் கழிவையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே விதிக்கப்பட்ட சட்டத்தில் அது குற்றமாகாது. சட்டத்தின் விளிம்பு எங்கே இருக்கிறதென்று இருபது ஆண்டாக அளந்து வைத்திருந்த தொழிலுக்கு, விளம்பரதாரரின் விளிம்பு எங்கே என்று தெரியாமல் போனது. முன்னதை வழக்கறிஞர் சொல்லிவிடுவார். பின்னது நாளுக்கு நாள் நகரும்.

பயம் தொற்றிக்கொண்டது. மே மாதம், நியூயார்க் ஃப்ரீ எஃப்.எம்.-மில் சீன உணவகம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்து இனவசையோடு கேலி செய்த இரட்டையர் வேலை இழந்தார்கள். அதே மாதம், அபராதமே இல்லாத செயற்கைக்கோளில்கூட, அங்கும் பேசிவந்த ஓப்பி-அந்தோணி ஜோடியை சிரியஸின் போட்டியாளரான எக்ஸ்.எம். நிறுவனம் 30 நாள் இடைநீக்கம் செய்தது. சுதந்திர பூமி என்று நம்பிப் போன இடத்திலும் முதலாளி இருந்தார்.

மே முடிவதற்குள் நியூயார்க்கில் ஃப்ரீ எஃப்.எம். என்ற பலகையே கழற்றப்பட்டது. நிலையம் பழையபடி கே-ராக் என்று பெயர் சூடிப் பாட்டுப் போட ஆரம்பித்தது.

* * *

இடுப்பில் ஒரு பெட்டி

இந்த அமளிக்கு நடுவே, தலைப்புச் செய்தியில் வராத ஒரு மாற்றம் ஃபிலடெல்பியாவில் நடந்துகொண்டிருந்தது. நியூயார்க்குக்கு வெளியே ஸ்டெர்னை முதன்முதலாக வாங்கிய ஊர் அது.

அமெரிக்காவில் அப்போது வானொலி நேயர்களைக் கணக்கெடுத்துவந்த நிறுவனம் ஆர்பிட்ரான். அதுவரை அதன் முறை எளியது. தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு ஒரு சின்ன நாட்குறிப்பு போகும். எந்த நிலையத்தை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை கேட்டீர்கள் என்று ஒரு வாரம் கையால் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். பெரும்பாலோர் அவ்வப்போது எழுதுவதில்லை. வாரக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்புவார்கள். அப்போது முதலில் ஞாபகத்துக்கு வருவது யார் பெயர்? வாரம் முழுக்கப் பத்திரிகையில் அடிபட்டவர் பெயர். ரசிகனாக இருந்தால் '6 முதல் 10 வரை ஸ்டெர்ன்' என்று ஐந்து நாளுக்கும் ஒரே கோடாக இழுத்துவிடுவான். விளம்பரக் கட்டணம், சம்பளம், 50 கோடி ஒப்பந்தம் எல்லாமே அந்தக் கையெழுத்தின் மேல் நின்றவை.

2007-ல் நாட்குறிப்புக்குப் பதிலாக பேஜர் அளவில் ஒரு கருவி வந்தது. இடுப்பில் செருகிக்கொண்டு வழக்கம்போல நடமாடினால் போதும். நிலையங்கள் தங்கள் ஒலியில் மனிதக் காதுக்குப் புலப்படாத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்பும். கருவி அதைக் கேட்டு நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்யும். யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை. முதலில் ஃபிலடெல்பியா, அடுத்து ஹூஸ்டன்.

நிலைய மேலாளர்கள் முதன்முறையாக ஒரு காலை நிகழ்ச்சியைக் கோடாக வரைந்து பார்க்க முடிந்தது. எந்த நிமிடத்தில் நேயர் வந்தார், எந்த நிமிடத்தில் போனார். அரட்டை இருபது நிமிடம் நீண்டபோது கோடு எந்தப் பக்கம் சாய்ந்தது. பாட்டு போட்டபோது எந்தப் பக்கம் ஏறியது.

அப்படியானால், இருபது ஆண்டுகளாக நாட்குறிப்பில் கோடு இழுக்கப்பட்ட அந்தப் பெருங்கூட்டம் காலை 6 முதல் 10 வரை உண்மையிலேயே வானொலியின் பக்கத்தில் இருந்ததா?

(தொடரும்)